டேப் பொத்தானும் பத்தரை மணியும்

திருப்பரங்குன்றத்தைத் தாண்டி இருக்கும் ஒரு கல்லூரியின் தேர்வு அலுவலகத்தில் எனக்கு வேலை. ஒருநாள் காலை ஒன்பதே முக்காலுக்கு ஒரு மாணவி வந்து நின்றாள். அவளுக்கு மிச்சம் ஒரே ஒரு அரியர். அதை முடித்தால் வேலைக்குப் போகலாம். ஹால் டிக்கெட்டிலோ வேறு பாடம் அச்சாகியிருந்தது. தப்பாக ஏற்றியது நாங்கள்தான். பத்தரைக்கு மேல் யாரையும் தேர்வறைக்குள் விடமாட்டார்கள்.

டேட்டாபேஸில் திருத்தத் தெரிந்த கூட்டாளி வண்டியூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தான். போனில் மேளச் சத்தத்துக்கு மேலே கத்தினான்.

"திருத்துற கட்டளைய மெயில்ல அழகா வரிசை கட்டி எழுதி வச்சிருக்கேன் மாப்ள. பாட எண்ணை மட்டும் மாத்தி ஒட்டு. அம்புட்டுதேன்."

டேட்டாபேஸுக்குக் கட்டளை கொடுக்கும் கறுப்புத் திரையில் ஒட்டினேன். அது எதையும் திருத்தவில்லை. ஆயிரத்துச் சொச்சம் பெயர்கள் இருக்கின்றன, எல்லாவற்றையும் காட்டட்டுமா என்று கேட்டது. நான் யோசிப்பதற்குள், ஒட்டியதில் மீதி இருந்த எழுத்துகளே அதற்குப் பதிலாகிவிட்டன. சம்பந்தமே இல்லாத பெயர்கள் கடகடவென்று ஓடின. மூன்று முறை ஒட்டினேன், மூன்று முறையும் இதே கூத்து. மறுபடி கூட்டாளிக்குப் போன் போட்டேன்.

"இந்தா வாரேன்" என்றான் அவன். மதுரை போக்குவரத்தில் அவன் எங்கே வருவது?

கடைசியில் அந்தப் பிள்ளைதான் சொன்னாள்: "நான் மெயிலப் பாத்து வாசிக்கிறேன் சார். நீங்க ஒவ்வொரு எழுத்தா அடிங்க."

அடித்தேன். இரண்டு தடவை தப்பு. மூன்றாவது தடவை ஏற்றுக்கொண்டது. அச்செடுத்துக் கொடுத்ததும் ஓடினாள்.

பத்து நாற்பதுக்குத் திரும்பி வந்தாள். மூன்று நிமிடம் தாமதமாம். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

"பரவால்ல சார். நீங்க என்ன பண்ணுவீங்க" என்றாள்.

கூட்டாளி வந்து சேர்ந்தபோது பன்னிரண்டு. வரிசை அழகாக இருக்கட்டும் என்று டேப் பொத்தானைத் தட்டித் தட்டி இடைவெளி விட்டிருந்தானாம். அந்தத் திரையில் டேப் என்றால் இடைவெளி இல்லை, ஆரம்பித்த சொல்லை நீயே முடித்துக்கொடு என்று அர்த்தம்; அதனால்தான் அது பெயர்களாகக் கொட்டியிருக்கிறது. டேப்பை எல்லாம் எடுத்துவிட்டு ஒட்டிக் காட்டினான். ஒரு நொடிகூட ஆகவில்லை.

அவளுக்கு அடுத்த தேர்வு ஆறு மாதம் கழித்து.