மாக்கிறேற்றின் கரும்பலகை

"அப்புத்துரை அண்ணை, மாடு சுகமாய் இருக்கட்டும். விசயத்தைச் சொல்லுங்கோ. இன்னும் அம்பது செக்கன்தான் கிடக்கு."

சொல்லிவிட்டு மாக்கிறேற் சுவர்க்கடிகாரத்தை முறைக்கிறாள். குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் பக்கத்து அறையில், ஒரு காதில் ஹெட்போனோடு, 2005இலிருந்து இதுதான் அவள் தொழில்: பேசுகிறவர்களை நிறுத்துவது. வீட்டில் சும்மா செய்ததை இங்கே சம்பளத்துக்குச் செய்கிறாள் என்பான் புருசன். அவனையும் பாதியில் நிறுத்திவிடுவாள்.

நெடுந்தீவில் பேசும் குரல், கம்பியில்லாமல் நயினாதீவு அன்ரெனாக் கம்பத்துக்கு வந்து, இவளிடம் தாவி, ஊர்காவற்றுறை ஆசுபத்திரிக்குப் போகும். பக்கத்துக் கம்பங்கள் இரண்டு ஒரேநேரம் வாய் திறந்தால் இரண்டு பேச்சும் நாசம். அதனால் யார் எப்போது பேசுவதென்று கரும்பலகையில் மூன்று மூன்று நிமிடமாய் எழுதி வைத்திருக்கிறாள். அதே பாதையில் வரும் மின்னஞ்சல்கள் ஓரமாய் நிற்கவேண்டும். "கடிதம் பிந்தினாலும் கடிதம்தான். குரல் பிந்தினா கொத்துரொட்டி."

தீவு மனிதர்களோ ஆடு, மாடு, அயலட்டை எல்லாம் சுகம் விசாரித்த பிறகுதான் அலுவலுக்கு வருவார்கள். அதற்குள் மூன்று நிமிடம் பறந்துவிடும். கிராம அலுவலர் விதானையாரின் வாயையே அடைத்தவள் என்று ஊர் திட்டுகிறது. வேலைநேரத்தில் அவள் கதிரையில் இருப்பதுமில்லை, நின்றபடிதான். "இருந்தா இரக்கம் வந்திடும்."

மத்தியானம் பன்னிரண்டுக்குக் கம்பங்களின் பற்றறி ஓய்ந்துவிடும். அதற்கு முந்திய கால்மணி அவளுடையது. நெடுந்தீவில் கடல்தொழில் செய்யும் மகன் டிலோனோடு பேசுவாள்.

போன சோளகக் காற்றுக் காலத்தில் ஒருநாள், முதல்நாள் கடலுக்குப் போன டிலோனின் வள்ளம் திரும்பவில்லை. அன்றும் அவள் எவருடைய நேரத்திலும் ஒரு செக்கன் களவெடுக்கவில்லை. அப்புத்துரையின் மாட்டுக்கதையைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பதினொன்றே முக்காலுக்கு நெடுந்தீவுக் கம்பத்தைப் பார்க்கும் றஜீபன் பாதையில் வந்தான்.

"அக்கா, டிலோன்ர வள்ளம் இன்னும் காணேல்லை. இஞ்ச மேர்சிக்கு வயித்துப்பிள்ளை குறுக்காய்க் கிடக்காம். மருத்துவிச்சி டொக்டரோட கதைக்கோணுமாம்."

இந்தக் கால்மணியை விட்டால் டிலோனின் சேதி இனி நாளைக்குத்தான். பெற்ற மனம் வேண்டாம் வேண்டாமென்று கத்தியது.

"கதைக்கச் சொல்லும்" என்றாள். மின்னஞ்சலை எல்லாம் மறித்து, பாதை முழுவதையும் மேர்சிக்குத் திறந்துவிட்டாள்.

மருத்துவிச்சி கேட்க, டொக்டர் சொல்ல, பன்னிரண்டு நெருங்கியது. மேர்சியை ஏற்றக் கடற்படைப் படகு வருகிறது என்றார் டொக்டர். அவர் மூச்சுவிட்ட இடைவெளியில் றஜீபனின் குரல் புகுந்தது.

"அக்கா, டிலோன் கரைக்கு வந்திட்டான்."

"குறுக்கை கதையாதையும்" என்று அதட்டிவிட்டு, மாக்கிறேற் காலால் கதிரையை இழுத்து அதில் இருந்தாள்.