குறை இல்லாத மனை

பதிமூன்று வயதில் என் வகுப்புப் பெண்கள் ஸ்டிக்கர் சேர்த்தார்கள். நான் மனை வரைபடம் சேர்த்தேன். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வாசலில் ரியல் எஸ்டேட்காரர்கள் கொடுக்கும் வழவழப்பான தாள்கள் அவை. கட்டம் கட்டமாக மனைகள், பச்சையில் ஒரு பூங்கா, நடுவே முப்பதடி ரோடு. கார்னர் மனையில் மட்டும் பேனாவால் எனக்கொரு வீடு வரைந்துகொள்வேன். "பொம்பளப் புள்ளைக்கு இன்னாத்துக்குடி பிளாட்டு படம்?" என்று அம்மா அவற்றை எடுத்து அலமாரித் தட்டில் விரித்துவிடுவாள்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். இரும்புக் கம்பெனியில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவர் குளித்து, கல்யாணங்களுக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"வா பாப்பா, படத்துல பாத்தத நேர்ல பாத்துகினு வரலாம்."

மனை பார்க்க வருகிறவர்களுக்கு வேன் இலவசம், மதியம் பிரியாணியும் இலவசம். "சோத்துக்குப் போறீங்களா, மனைக்குப் போறீங்களா?" என்று அம்மா கிண்டல் செய்யச் செய்ய, வாராவாரம் போக ஆரம்பித்தோம். வேனில் ஏறியதுமே நைனா வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிடுவார். எனக்கு மானம் போகும்.

கூட வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளைக் கேட்டுக் கேட்டே நான் கெட்டிக்காரி ஆகிவிட்டேன். வெள்ளையடித்த எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் கோரைப்புல் முளைத்திருந்தால் அங்கே மழைத்தண்ணீர் நிற்கும். முப்பதடி ரோட்டைக் காலால் அளந்தால் இருபதுதான் வரும். பழைய பத்திரத்தில் வடக்கு எல்லை ஓடை என்று இருக்கும். நேரில் ஓடையைக் காணோம் என்றால், அதைத் தூர்த்துவிட்டு அதன்மேல்தான் நம்மை நிற்க வைத்திருக்கிறார்கள்.

எல்லா இடத்திலும் நைனா என்னைத்தான் கேட்பார். "பாப்பா, இன்னா சொல்ற?" நான் குறையைச் சொல்வேன். "புள்ளைக்குப் புடிக்கலையே சார்" என்று வருத்தமாகச் சொல்லிவிட்டுக் கிளம்புவார். அவர் ஏமாந்துபோகாமல் காப்பாற்றுவதே நான்தான் என்று எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

ஒரு வாரம் திருவள்ளூர் பக்கம் போனோம். மேட்டு நிலம். ரோட்டை இரண்டு தடவை அளந்தேன், முப்பது சரியாக வந்தது. பத்திர நகலில் சொன்ன நான்கு எல்லைகளும் நேரில் இருந்தன. கிழக்குப் பார்த்த கார்னர் மனை, ஓரத்தில் ஒரு வேப்பமரம் வேறு.

"எல்லாம் கரெக்டா கீது நைனா. வாங்கிடலாம்."

கூட்டிவந்த ரியல் எஸ்டேட் பையன் சட்டென்று புக்கிங் ஃபாரத்தை எடுத்தான். "பாப்பாவே ஓகே சொல்லிட்சி சார். டோக்கன் அட்வான்ஸ் போட்டுடலாமா?" வேனில் வந்தவர்கள் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். நைனா செருப்பால் மண்ணைத் தள்ளினார்.

"நல்லா பாத்தியா? இன்னொரு வாட்டி பாரேன்."

"பாத்துட்டேன் நைனா. ஒரு குறையும் இல்ல."

தூரத்தில் ஒரு மின்சார ரயில் போயிற்று. நைனாவின் முகம் தெளிந்தது. "ரயில் சத்தம் பேஜாரா இருக்குமே சார். தூக்கம் வராது."

"நம்ம ஊடே தண்டவாளத்து ஓரமாத்தான கீது!" என்று கத்திவிட்டேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நைனாவும் சிரித்தார். அன்றைக்கு அவர் பிரியாணி வாங்கிக்கொள்ளவில்லை. எனக்கு மட்டும் ஒரு பொட்டலம் வாங்கிக் கொடுத்தார்.

திரும்பும்போது நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மனை வாங்கத் தைரியம் இல்லாத மனுஷனுக்கு மகளாகப் பிறந்துவிட்டேனே என்று அப்படி ஒரு கோபம். நைனா பையிலிருந்து அந்த மனைப்பிரிவின் வரைபடத்தை எடுத்து, கசங்காமல் என் மடியில் வைத்தார்.

"கேட்டு வாங்கினேன். கார்னர்ல ஊடு வரஞ்சிக்கோ. அடுத்த வாரம் பள்ளிப்பட்டு பக்கம் போறாங்களாம்."

சொல்லி முடிப்பதற்குள் தூங்கிவிட்டார். தலை என் தோளில் சாய்ந்தது. நான் தோளை நகர்த்திக்கொண்டேன்.

இன்று வீடு வாங்குகிறவர்களுக்குப் பத்திரம் சரிபார்த்துச் சொல்வதுதான் என் தொழில். குறை கண்டுபிடிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்கிறார்கள். ஒரு எல்லைக் கல்லுக்கும் வழியில்லாத மனிதர், தூக்கத்தை விட்டு, வாராவாரம் எனக்காக வாங்க வந்தவர்போல் அத்தனை பேர் முன்னால் நின்றார் என்பதும், அன்று அவர் என்னிடம் கேட்டதெல்லாம் ஒரே ஒரு சின்னக் குறைதான் என்பதும் அந்த வேனில் எனக்குத் தெரியவில்லை.