எங்கள் வீட்டில் தினமும் சொன்ன பெயர்

கல்யாணமான முதல் வாரமே எனக்கும் ஹீபருக்கும் சண்டை. படுக்கப் போகுமுன் இருவரும் கட்டிலோரம் முழங்கால் போட்டு ஜெபிப்போம். அப்பா, அம்மா, சபை எல்லாம் முடிந்ததும், "நோமினையும் பார்த்துக்கொள்ளும் ஆண்டவரே" என்றார். பெண் பெயர் போலிருந்தது. எந்தப் பெண்டாட்டி பொறுப்பாள்?

"யாரு அவ?"

"ஒம்பது வயசுக் கொழந்த, ஷாலீஸ். மங்கோலியாவுல மிஷன் ஊழியத்துல இருந்தப்ப காய்ச்சல்ல கெடந்தா. தலையில எண்ணெ வெச்சு ஆசீர்வாதம் பண்ணேன். பொழச்சுடுவான்னு சொன்னேன். மறுநாளே என்னை வேற ஊருக்கு மாத்திட்டாங்க."

அன்றோடு சண்டை முடிந்தது. அந்தக் குழந்தை வளர வளர அவர் ஜெபமும் வளர்ந்தது. நல்லா படிக்கட்டும் என்றார். பிறகு, நல்ல புருஷன் கிடைக்கட்டும் என்றார். பெற்ற பிள்ளைகளுக்குக்கூட இத்தனை விவரமாகக் கேட்டதில்லை இந்த மனுஷன்.

ஹீபர் ஆஸ்ட்லர் பேச்சுக்காரர் இல்லை. எங்கள் பள்ளத்தாக்கில் வைக்கோல் கட்டும் இயந்திரம் செய்கிற ஃபேக்டரியில் வெல்டர். எங்கள் அமெரிக்க மாநிலமான யூட்டாவில் இது ஒரு வேடிக்கை: பெட்ரோல் பங்க்காரன் போர்ச்சுகீஸ் பேசுவான், பல் டாக்டர் கொரிய மொழி பேசுவார், எல்லாம் வாலிபத்தில் சபை ஊழியத்துக்காக இரண்டு வருஷம் வெளிநாட்டுக்கு மிஷன் போய் வந்த ஆட்கள். ஆனால் மங்கோலிய மொழி ஹீபருக்கு மட்டும்தான். ஒருநாள் மங்கோலியாவிலிருந்து ஒரு கடிதம் வர, முதலாளி தோர்ன்லி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வெல்டிங் முகமூடியோடு இவரை ஆபீசுக்கு இழுத்துப் போனார். அன்றிலிருந்து இவர் பதில் எழுத, ஆர்டர் வரத் தொடங்கியது. எங்கள் தெருவில் பாதி அடுப்பு எரிவது அதனால்தான்.

இந்த வருஷம் மற்ற வியாபாரம் படுத்துவிட்டது. மங்கோலியாவின் பெரிய ஆர்டர் ஒன்றுதான் பாக்கி. வாங்குகிறவர், கன்ஸோரிக், நேரிலேயே வந்தார். ஆஸ்ட்லர் வீட்டில்தான் சாப்பிடுவேன் என்று எழுதியிருந்தார்.

"இது கைவிட்டுப் போச்சுன்னா கிறிஸ்துமஸுக்குள்ள நாப்பது பேர வீட்டுக்கு அனுப்பணும்," என்றார் தோர்ன்லி. "மனுஷன் மனசு கோணாம பாத்துக்கப்பா."

நாற்பதில் ஒருவன் பக்கத்து வீட்டு டேல். நாலு பிள்ளைகள்.

பன்றித் தொடை சுட்டேன், சீஸ் போட்டு உருளைக்கிழங்கு வேகவைத்தேன், பச்சை ஜெல்லி வைத்தேன். அவர்கள் ஊரில் உப்புப் போட்ட பால் டீதான் குடிப்பார்களாம்; டீ குடிக்கக் கூடாத எங்கள் சபைக்காரர் வீட்டில் டீத்தூள் ஏது? அதனால் சூடான பாலில் உப்புப் போட்டுக் கொடுத்தேன். அதைக் குடித்துவிட்டு அவர் லேசாகச் சிரித்தார். அப்பாடா என்றிருந்தது. பிறகு அவர் ஏதோ சொன்னார். ஹீபர் முகம் வெளுத்தது.

"என்ன சொல்றார், ஹீபர்?"

"அன்னிக்கு நான் எண்ணெ வெச்சப்ப கதவோரமா நின்னுட்டிருந்த அப்பா... இவர்தானாம். கடிதத்துல என் பேரப் பாத்துட்டு வந்திருக்கார்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கையைத் தட்டினேன். "ஐயோ, நோமினோட அப்பாவா! நோமின் எப்படி இருக்கா? கல்யாணம் ஆச்சா?"

அவர் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, தாழ்ந்த குரலில் பேசினார். ஹீபர் அதை எனக்குச் சொன்னார்.

"நான் ஊரு மாறிப் போன நாலாம் நாளு... போயிட்டாளாம்."

இருபத்துநாலு வருஷம்! இல்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளை கேட்டு முழங்கால் தேய்ந்திருக்கிறது. ஹீபர் மேல் ஆத்திரமும் வந்தது. இருபது வயசுப் பொடியனுக்கு உயிரை வாக்குக் கொடுக்க என்ன அதிகாரம்? ஆர்டர் போயிற்று, டேல் வீட்டு அடுப்பும் அணைந்தது என்றே நினைத்தேன்.

ஹீபர் மன்றாடினார். அந்த மொழி எனக்குத் தெரியாது, கண்ணீர் தெரியும். "என் கையில இல்லாதத வாக்குக் குடுத்தேன்னு சொன்னேன்," என்றார் என்னிடம்.

கன்ஸோரிக் என்னைக் காட்டி ஒரு கேள்வி கேட்டார்: அவள் பெயர் இந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? ஹீபர் எல்லாவற்றையும் சொன்னார், ஜெபம், படிப்பு, நல்ல புருஷன், எதையும் மறைக்கவில்லை. கன்ஸோரிக் தட்டைப் பார்த்தபடியே பேசினார், ஹீபர் வரிவரியாகச் சொன்னார்.

"எங்க பக்கம் செத்தவங்க பேரச் சொல்லக் கூடாது. நானும் என் பொண்டாட்டியும் அந்தப் பேர அப்புறம் வாயெடுத்துச் சொன்னதே இல்ல. உலகத்துல யாருமே சொல்றதில்லன்னு நெனச்சேன். உன் மூஞ்சிக்கு நேரா நாலு வார்த்த கேட்டுட்டு, ஆர்டர் கெடையாதுன்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். இப்ப அதுக்கு மனசு வரல."

கன்ஸோரிக் வாசலில் ஷூ மாட்டிக்கொண்டு, காலையில் ஃபேக்டரிக்கு வந்து ஆர்டரில் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். ஹீபர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆனால் அவர் படியிறங்கவில்லை. என்னைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"இன்னொரு தடவ சொல்லச் சொல்றார்," என்றார் ஹீபர்.

"எதை?"

அதற்குள் எனக்கே புரிந்துவிட்டது.

"நோமின்," என்றேன்.

அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டார். பிறகு படியிறங்கிப் போனார்.