படுத்திருக்க வேண்டிய அன்னம்

கௌசருக்கு உட்கார்ந்த இடத்தில் கால் நிற்காது. காஞ்சிபுரத்தில் நாங்கள் வேலை பார்க்கும் டிசைன் சென்டரில் அவள் நாற்காலி என் பக்கத்தில். அவள் கால் ஆட்டினால் என் மேசையும் ஆடும். சொன்னால் முறைப்பாள். புடவையில் வரவேண்டிய படத்தை எண்களாக்கித் தறிக்கு அனுப்புவது எங்கள் வேலை. ஒவ்வொரு ஃபைலிலும் மூன்று கணக்கு உண்டு: நீளவாக்கில் ஓடும் பாவு இழை, குறுக்கே ஓடும் ஊடை இழை, நிறம். எது முதல், எது இரண்டாவது என்று பெயர் எழுதிவைக்கச் சொன்னால், "எனக்குத் தெரியும்பா, விடு" என்பாள். சரியான அவசரக்காரி.

வெள்ளிக்கிழமை காலை அவள் போட்ட பூக்கொடி ஃபைலை எங்கள் சோதனைத் தறி ஏற்கவில்லை. படத்துக்குப் பாவில் ஒதுக்கியிருப்பது இருநூற்று நாற்பது இழை. ஃபைல் முந்நூற்று அறுபது கேட்டது. பாவும் ஊடையும் இடம் மாறியிருந்தன. திருத்த இரண்டு நிமிடம் போதும். ஆனால் கௌசரின் கால் நின்றுவிட்டது.

"ஐயோ, இளவரசி ஃபைலு!" என்றாள்.

இளவரசி அவளுடைய பள்ளித் தோழி, ஓரிக்கையில் நெய்கிறவள். தன் கல்யாணப் புடவையைத் தானே நெய்துகொண்டிருந்தாள். அதற்குக் கௌசர் இதே போலப் பெயர் எழுதாமல் போட்டுக்கொடுத்த அன்னப் படம் சதுரம். இரண்டு பக்கமும் இருநூற்று நாற்பது. இடம் மாறினாலும் எந்தத் தறியும் முரண்டு பிடிக்காது. போன் அடித்தோம். தறிச் சத்தத்தில் யார் எடுப்பார்கள்? என் ஸ்கூட்டரில் கிளம்பினோம். வழி முழுக்க என் தோளைப் பிறாண்டிக்கொண்டே வந்தாள்.

தறியில் நீளவாக்கில் வளரும் புடவை, உடம்பில் சுற்றும்போது படுக்கைவாக்காகிவிடும். அதனால் கட்டியவள் மேல் அன்னம் நிற்க வேண்டுமென்றால், தறியில் அது படுத்திருக்க வேண்டும். இளவரசியின் தறியில் இரண்டு முழத்துக்கு அன்னங்கள் ஜம்மென்று நின்றுகொண்டிருந்தன.

"உனக்குத் தெரியலையாடி? பன்னெண்டு வருசமா நெய்யுறியே!" என்று கௌசர் கத்தினாள்.

"மொத வரிசையிலயே தெரிஞ்சுதுமா. நீ போட்டதாச்சே, எதுனா காரணம் இருக்கும்னு நெய்ஞ்சுக்கினு இருந்தேன்."

கௌசர் லேப்டாப்பைத் தரையில் வைத்து ஃபைலைத் திருத்தினாள். மூன்று கணக்குக்கும் பெயர் எழுதினாள். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாவு ஒரு புடவைக்கும் அதன் ரவிக்கைக்கும் மட்டும் அளந்து போட்டது. அறுத்தெறியும் இரண்டு முழம் ரவிக்கைத் துணியில்தான் குறையும்.

"ரவிக்கை வேற துணில தெச்சிக்கலாம், அழாதமா" என்று கல்யாணப் பெண் அவளைத் தேற்றினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இனிமே நான் பேர் எழுதாம குடுத்தா, மூஞ்சிலயே வீசி எறி" என்றாள் கௌசர்.

இளவரசி கத்திரியைத் தேடி எடுத்தாள். "நீ குடுத்ததைப் போயி எறிவேனா?" என்றாள்.