எஸ்தர் கட்டு

உச்சிக் கட்டை அறுத்தது நான்தான்.

எஸ்தர் அல்ல. கயிறும் அல்ல, கம்பும் அல்ல. நான்... பாலங்களும் சாலைகளும் கட்டும் துறையில் ஆயுளைக் கழித்துவிட்டு, மாதம் தவறாமல் ஓய்வூதியம் வாங்கும் பொறியாளன். பள்ளிப் பிள்ளைகள் கட்டிய பாலத்தின் கயிற்றை, அதன் திறப்பு விழா நாளன்று காலையில், ஒருவரும் வருவதற்கு முன்னால் பிளேடால் முக்கால்வாசி அறுத்தேன்.

என்னைத் தூற்ற விரும்பினால் தூற்றுங்கள். ஆனால் முழுவதும் கேட்டுவிட்டுத் தூற்றுங்கள். விசாரணைக்குப் பிறகுதான் தண்டனை. அந்த விதிகளெல்லாம் எனக்கு மனப்பாடம்.

திருத்தணியில் மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றில், சனிக்கிழமைகளில் கட்டுமான மன்றம் நடத்துகிறேன். இந்த ஊரில் ஓய்வு பெற்றவர்கள் விடியற்காலையில் மலைப்படி ஏறுவார்கள்; இறங்கி வந்து சர்க்கரை அளவைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கு இரண்டும் ஒத்துவரவில்லை.

"சிவில்னா கேஸு போடறதா சார்?" என்றுதான் முதல் நாள் கேட்டார்கள். அந்தப் பிள்ளைகளைக் கொட்டாங்கச்சியில் கான்கிரீட் வார்க்க வைத்தேன். மறுவாரம் அதைச் சுத்தியலால் உடைக்க வைத்தேன். குழாயில் தண்ணீர் நிரப்பித் தரையின் மட்டம் பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். தலைமையாசிரியர் அறை ஒரு பக்கமாக இறங்கியிருப்பது அப்படித்தான் வெளியே வந்தது. அவர் அதை ரசிக்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், ஆடிக் கிருத்திகை முடிந்து பந்தல்களைப் பிரிக்கும்போது பிள்ளைகளை அழைத்துப் போனேன். அத்தனை கூட்டத்துக்கும் நிழல் தந்த பந்தல், ஆணி இல்லாமல் வெறும் கயிற்றுக் கட்டில் நின்றதைக் காட்டினேன். பழைய சவுக்குக் கம்புகளைப் பந்தல்காரரிடம் கேட்டு வாங்கி வந்தோம். அந்தக் கம்புகளில்தான் பாலம். திடலின் ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடும் பள்ளத்தைக் கடக்க ஒரு சிறு பாலம்.

கரும்பலகையில் நான் படம் போட்டேன். பத்தாம் வகுப்பு எஸ்தர் எழுந்து நின்றாள்.

"சார், நடுவுல தாங்கறதுக்கு ஒண்ணுமே இல்லயே. மேல ரெண்டு கம்ப சாச்சி கட்டி, அங்கேந்து ஒரு கம்ப தொங்கவுட்டா நடுவு வளையாது இல்ல?"

"சாருக்கே பாடம் எடுக்கறா பாருடா!" என்றான் லோகேஷ். வகுப்பு சிரித்தது.

"யாராவது கேட்கிறீர்களா என்று பார்க்கத்தான் விட்டுவைத்தேன்" என்றேன்.

பொய்! எனக்கு அது தோன்றவே இல்லை.

அவள் சொன்னபடியே கட்டினோம். சாய்ந்த கம்புகள் சேரும் உச்சிக் கட்டை அவளே போட்டாள். கயிற்றை நனைத்து, காலால் உதைத்து இழுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினாள். என் பணிக்காலத்தில் அதைவிட நேர்மையான வேலையைப் பார்த்திருக்கிறேனா... சந்தேகம்தான்.

பிறகு ஏன் அறுத்தேன்?

என் காலத்தில் சில கட்டுமானங்கள் விழுந்தன. விசாரணைக் குழுக்களில் நானும் உட்கார்ந்தேன். தேநீர் வரும், முந்திரி பிஸ்கட் வரும், கடைசியில் அறிக்கை வரும். காரணம் என்ற இடத்தில் நாங்கள் எழுதிய சொல் ஒன்றே ஒன்றுதான்: மழை. எவ்வளவு வசதியான சொல்! வானத்துக்கு வழக்கறிஞர் கிடையாது. உடைந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தவர் எங்களில் ஒருவரும் இல்லை.

இந்தப் பிள்ளைகளாவது எடுத்துப் பார்க்கட்டும் என்று நினைத்தேன். பாரம் தாங்காமல் அறுந்த கயிற்றின் நுனி நார் நாராகப் பிரிந்திருக்கும். பிளேடு பட்ட நுனி மொட்டையாக இருக்கும். யாராவது ஒரு பிள்ளை குனிந்து எடுத்து, 'சார், இத எவனோ அறுத்துட்டான்!' என்று கத்தினால் போதும். 'நான்தான்' என்று சொல்லிக் கைதட்டியிருப்பேன். விழுந்ததை எப்படி விசாரிப்பது என்று எந்தக் கல்லூரியும் இப்படிக் கற்றுத் தராது. நல்ல பாடம்... இன்றும் சொல்கிறேன், நல்ல பாடம்!

பிள்ளைகளை ஆபத்தில் நிறுத்தினேன் என்று சொல்லாதீர்கள். முதலில் மணல் மூட்டை, பிறகுதான் மனிதன். அதில் நான் விட்டுக்கொடுத்ததே இல்லை. பாலத்தில் ஏறிப் படம் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டார் சிறப்பு விருந்தினர். ஒரு காலத்தில் என்னிடம் வேலை பழகியவர். இப்போது நான் தொடாத பதவியில் இருக்கிறார். அவருடைய கையைப் பிடித்து நிறுத்தியவனும் நான்தான்.

மூட்டைகளை ஏற்றினார்கள். பாலம் தாங்கியது. இன்னும் ஏற்றினார்கள். உச்சியில் ஒரு முனகல்... கம்புகள் விலகின. பலகையோடு எல்லாம் பள்ளத்தில் இறங்கியது.

"ஏன் விழுந்தது? கண்டுபிடியுங்கள்!" என்றேன். அறுந்த கயிறு என் காலடியில்தான் கிடந்தது.

ஒருவரும் குனியவில்லை.

"தேட வேணாம் சார்" என்றாள் எஸ்தர். "உச்சிக் கட்டு நான் போட்டது. சரியா இறுக்கல போல."

"நான் அப்பவே சொன்னேன், பொண்ணு கட்டு நிக்குமாடான்னு" என்றான் லோகேஷ். எதற்கும் திருப்பிக் கொடுக்கிற எஸ்தர், அன்று பள்ளத்தில் இறங்கி மூட்டைகளை எடுக்கத் தொடங்கினாள்.

அப்போதே நான் சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். பக்கத்தில் சிறப்பு விருந்தினர் உதட்டோரம் சிரித்தபடி நின்றார். பிள்ளைகள் கட்டியதைப் பிளேடால் அறுத்த கிழவன்... அந்தக் கண்களில் நான் எப்படித் தெரிவேன் என்று ஒரு கணம் பார்த்துவிட்டேன்.

செருப்புக் காலைத் தூக்கிக் கயிற்றின் நுனிமேல் வைத்தேன்.

அறுத்ததற்காக நான் வருந்தவில்லை. அந்தச் செருப்பு... அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

விருந்தினர் சாப்பிடப் போவதற்குள் இடம் சுத்தமாக வேண்டும் என்றார் தலைமையாசிரியர். காவலாளி கயிற்றையெல்லாம் சுருட்டி, எரிந்துகொண்டிருந்த சருகுக் குவியலில் போட்டார். என் துறையில்கூடத் தடயம் அவ்வளவு விரைவில் அழிந்ததில்லை.

தேர்வு முடிந்த பிறகு, எஸ்தரின் தந்தை என் வீட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்தினார். பக்கத்து ஊரான கே.ஜி.கண்டிகைக்காரர்.

"இன்னா சார் ஆச்சி இதுக்கு? பாலிடெக்னிக் அப்ளிகேஷன் வாங்கியாந்து வெச்சிகினு கீறேன், தொட மாட்டேங்குது. 'நான் கட்டுனா வுழுந்துடும் நைனா'ன்னு சொல்லிகினு கீது. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க சார், கேக்கும்."

ஒரு வார்த்தை போதும்தான். நான் பல வார்த்தைகள் சொன்னேன். தோல்வியின் பயன் பற்றி, விடாமுயற்சி பற்றி... பொறுமையாகக் கேட்டார். "ஆங், சரிங்க சார்" என்று வண்டியைக் கிளப்பினார். எஸ்தர் பிளஸ் டூவில் வணிகவியல் எடுத்தாள். இப்போது அரக்கோணத்தில் ஒரு துணிக்கடையில் பார்சல் கட்டுகிறாள்.

மன்றம் இன்னும் நடக்கிறது. அன்று உண்மையைச் சொல்லியிருந்தால் நடந்திருக்காது. அதற்குப் பிறகு வந்த பிள்ளைகளில் சிலர் சிவில் படிக்கிறார்கள். இதைத் தராசின் மறு தட்டில் வையுங்கள். வைக்கக் கூடாது என்கிறீர்களா? நான் வைப்பேன்!

ஆனால் இந்தப் பிள்ளைகளிடம் ஒரு பேச்சு வழக்கு உண்டு. தொளதொளவென்று இருக்கும் கட்டுக்கு 'எஸ்தர் கட்டு' என்று பெயர். எஸ்தர் யார் என்று கேட்டால் அவர்களுக்குத் தெரியாது. அந்தப் பெயரைச் சொல்லாதீர்கள் என்று நான் தடுத்ததில்லை. தடுத்தால் ஏன் என்று கேட்பார்களே!

இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பிலிருந்து ரூத் என்று ஒரு பெண் சேர்ந்தாள். போன சனிக்கிழமை, ஒரு பையன் கட்டிய கட்டைப் பார்த்து இன்னொருவன் கத்தினான்: "டேய், எஸ்தர் கட்டு போட்டுகினு கீற! அவுத்துடுடா!"

"ஆங், எங்க அக்காதான் அந்த எஸ்தரு" என்றாள் ரூத்.

கட்டுப் போட்ட பையன் அவசரமாக அதை அவிழ்த்தான். அவள் என்னிடம் வந்தாள்.

"சார், அது நெஜமாவே அக்கா சரியா இறுக்கலயா? கடையில அக்கா கட்டுற பார்சல அவுக்க முடியலன்னு ஓனரு திட்டிகினே கீறாராம். கத்திரி வெச்சாதான் வருதாம். அப்புறம் அது எப்டி சார் வுழும்?"

அத்தனை ஆண்டுகள் நான் காத்திருந்த கேள்வி! விசாரணை என்றால் இதுதான். என் குழுக்களில் ஒருவரும் கேட்காததை, ஒன்பதாம் வகுப்புப் பெண் நேராக முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"முந்தின நாள் மழைம்மா" என்றேன். "கயிறு ஊறிப்போயிருக்கும்."

மழை பெய்யவில்லை. நான்தான் சொன்னேன், அந்தச் சொல்லை, என் வாயால்.

உங்களிடம் சொல்வது எளிது. உங்கள் பெயரில் கெட்ட கட்டு எதுவும் இல்லை. அவளிடம் நானாகப் போய்ச் சொல்ல மாட்டேன். என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்!

ரூத் தலையாட்டினாள். பையன் அவிழ்த்துப் போட்ட கயிற்றின் நுனியைக் கையில் எடுத்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.