தன் வாக்குமூலத்தைத் தேடியவர்

திருத்தணி ஸ்டேஷனில் காலை ரயிலுக்கு நான் நிற்கும்போதெல்லாம் அவர் வந்து பக்கத்தில் நிற்பார். நரைத்த தாடி, வெளுத்த காக்கிச் சட்டை. மூக்குக்கண்ணாடியைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருப்பார்.

மூடிப்போன விசைத்தறிக் கம்பெனியில் வாட்ச்மேனாக இருந்தவர். கம்பெனியின் சொத்துகளைக் கோர்ட் கையில் எடுத்தபோது, தறிகளைக் கடத்தியது யார் என்று கோர்ட் அதிகாரிகள் அவரை ரகசியமாக விசாரித்தார்கள். வாக்குமூலத்தை டைப் அடித்தவள் நான். அன்று கண்ணாடியை மறந்துவிட்டு வந்தவர், படிக்காமலே கையெழுத்துப் போட்டார். பிறகு நகல் கேட்டு இரண்டு முறை மனுப் போட்டும், ரகசியக் காகிதம் என்று மறுத்துவிட்டார்கள்.

ஒருநாள் கேட்டேவிட்டார்.

"பயத்துல இன்னா பேசினேன்னே தெரியலம்மா. தறி ஏத்தின லாரி ஓட்டினது எங்க பாவா, அக்கா வூட்டுக்காரரு. அவர போலீஸ் இட்டுகினு போயிடுச்சு. நாந்தான் காட்டிக் குடுத்தேன்னு அக்கா என் மூஞ்சிலயே முழிக்கறதில்ல. நீங்கதானே டைப் அடிச்சீங்க? அவரு பேர சொன்னேனா?"

வெளியே சொன்னால் என் வேலை போய்விடும். தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஆங்... அப்ப சொல்லித்தான் கீறேன்" என்று கண்ணாடியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போனார். அப்புறம் அவர் ஸ்டேஷனுக்கு வரவே இல்லை.

விசாரணையில் அவரைத் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். நான் அடித்த ஏழு பக்கத்தில் அந்தப் பெயர் ஓரிடத்திலும் இல்லை.