அவர் சொல்லாத விளக்கம்

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். சேலத்துக்குத் தெற்கே ஒரு நூல் மில்லில் நான் மேஸ்திரி. பட்டாளத்துத் துணிக்கு நூல் போதவில்லை என்று மேலிடத்திலிருந்து தினமும் நெருக்கடி.

என் பகுதியில் பனமரத்துப்பட்டிப் பக்கமிருந்து நடந்து வருகிற ஒரு அம்மாள் இருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். அவர் மிஷினில் மட்டும் இழை அறுந்துகொண்டே இருக்கும்; சாயங்காலம் நிறுத்துப் பார்த்தால் எல்லோரையும்விட அவர் நூல்தான் குறைவு.

வேலை குறைந்தால் என்ன செய்ய வேண்டுமென்று மில்லில் ஒரு முறை இருந்தது. மேஸ்திரி மெமோ எழுதி, ஆளிடம் காரணம் கேட்டு, அதையும் அதே தாளில் எழுதிக் கைநாட்டு வாங்க வேண்டும். மூன்று மெமோ சேர்ந்தால் மானேஜர் விசாரிப்பார். அதற்குப் பிறகுதான் வேலையை விட்டு நிறுத்தலாம்.

மூன்று தடவையும் அந்த அம்மாள் ஒரே காரணத்தைத்தான் சொன்னார். இழையை இழுத்துக் கொடுக்கிற தோல் உருளைகள் தேய்ந்துவிட்டன என்றார். நான் போய்ப் பார்க்கவில்லை. சாக்கு என்று நினைத்தேன். மூன்று தாளிலும், 'என் கவனக்குறைவே காரணம்' என்று எழுதி நீட்டினேன். படிக்கத் தெரியாத அவர் என்னை நம்பிக் கைநாட்டு வைத்தார்.

விசாரணை நாளன்று மானேஜர் அந்த விளக்கங்களை உரக்கப் படித்தார். அந்த அம்மாள் திரும்பி என்னைப் பார்த்தார். சத்தம் போடப்போகிறார், அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் நிதானமாகச் சொன்னார்:

"அப்படி நான் சொல்லலைங்க. உருளை தேஞ்சு போச்சுன்னு சொன்னனுங்க. என்ற கையிலதான் கோளாறுன்னா வேற கையில அந்த மிஷின் நல்லா ஓடோணுமில்லீங்க? மேஸ்திரியையே ஒரு நாளைக்கு ஓட்டச் சொல்லுங்க."

மானேஜர் அதை எழுதிக்கொண்டார். மறுநாள் காலை அந்த மிஷினில் என்னை நிறுத்தினார்.

பத்து வருஷம் இழை பிடித்த கை என்னுடையது. ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. இங்கே ஒட்டினால் அங்கே அறுந்தது. அங்கே ஓடினால் பின்னால் நாலு அறுந்தன. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது பக்கத்தில் ஒரு கை வந்து, அறுந்த இழைகளை மளமளவென்று ஒட்டியது. அந்த அம்மாள்தான்!

"அந்தக் கோடியப் பாருங்க மேஸ்திரி, இதை நான் பாத்துக்கறேன்" என்றார். குரலில் கேலியே இல்லை.

மத்தியானச் சங்கு ஊதியதும் நேரே மானேஜரிடம் போனேன். அந்த வார்த்தைகள் நானாக எழுதியவை என்று சொல்லிவிட்டேன். ஃபிட்டர் வந்து மிஷினைக் கழற்றினார். உருளைகளில் தோல் பாதிக்குமேல் தேய்ந்திருந்தது.

மானேஜர் மூன்று மெமோக்களையும் ரத்துசெய்தார். அந்த அம்மாளை வரவழைத்து, என் எதிரிலேயே, "இவரை இன்றைக்கே அனுப்பிவிடட்டுமா?" என்று கேட்டார். எனக்கு வீட்டில் நாலு பிள்ளைகள். அந்த அம்மாள் மானேஜரிடம் சொன்னார்:

"எனக்கு மெமோ குடுத்துக் கேட்டீங்கல்லங்க, அவருக்கும் அதே மாதிரி குடுத்துக் கேளுங்க. ஆனா அவரு என்ன சொல்றாரோ, அதை அப்படியே எழுதுங்க."

அப்படித்தான் நடந்தது. நான் சொன்னதை மானேஜர் ஒரு சொல் மாற்றாமல் எழுதி, எனக்குப் படித்துக்காட்டி, கையெழுத்து வாங்கினார். எச்சரிக்கையோடு வேலை தப்பியது. புது உருளை போட்ட பிறகு அந்த அம்மாளின் நூல் ஒரு நாளும் குறைந்ததில்லை.

அவர் வாய்ச்சொல்லை மாற்றி எழுதியவன் நான். என் வாய்ச்சொல் மாறிவிடக் கூடாதென்று கேட்டவர் அவர். அந்தப் பெரிய மனசுக்கு முன்னால் நான் இன்றுவரை தலைகுனிந்துதான் நிற்கிறேன்.